மூத்தாளின் சுமைதாங்கி

கால்வாய்ப் பாலத்தைத் தாண்டி மயிலாப்பூர்ப் பக்கமாக இறங்கினால், இடது கைப்பக்கம் புளியமரத்தை ஒட்டி என் சக்களத்தி நின்றுகொண்டிருப்பாள். கல்லாகத்தான். இரண்டு கல்லைச் செங்குத்தாக நட்டு, அவற்றின் மேல் ஒரு நீளக் கல்லைப் படுக்கப் போட்டிருந்தார்கள். தலைச்சுமையோடு வருகிறவர்கள் யார் உதவியும் இல்லாமல் தாங்களே பாரத்தை அதன்மேல் இறக்கி, மூச்சு வாங்கி, மறுபடி தாங்களே தலைக்கு ஏற்றிக்கொண்டு போகலாம். வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன பெண்களுக்காக அந்தக் காலத்தில் சாலையோரம் இப்படிச் சுமைதாங்கி வைப்பது வழக்கம். இறக்காத சுமையோடு போனவள் அல்லவா? வழியில் போகிறவர்கள் தங்கள் சுமையை இறக்க இறக்க அவள் சுமையும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும் என்பார்கள்.

மேல்கல்லின் முகப்பில் அவள் பெயர் வெட்டியிருந்தது. எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். கல்யாணமாகி வண்டியில் வந்து இறங்கிய அன்று, இந்தப் பட்டணத்தில் நான் முதன்முதலாகப் படித்த எழுத்தே அதுதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில், எனக்கு மீசை வைத்த ஆண்பிள்ளையை நிமிர்ந்து பார்க்கக்கூடக் கூச்சமாக இருந்த வயதில், ஒரு கல்லைப் பார்த்து வயிறு எரிந்தது.

என் வீட்டுக்காரருக்குக் கால்வாய்க் கரையில் விறகுத்தொட்டி வியாபாரம். வடக்கேயிருந்து படகில் சவுக்குக் கட்டை வரும். இறக்கி, பிளந்து, நிறுத்து, மயிலாப்பூர் அடுப்புகளுக்கெல்லாம் அனுப்ப வேண்டும். இரண்டாம் தாரம் என்று தெரிந்துதான் என்னைக் கொடுத்தார்கள். 'மூத்தாள் போய்ச் சேர்ந்துட்டா, பிள்ளையும் இல்லை, உனக்கு ஒரு பிடுங்கலும் கிடையாது' என்று என் தாய்வீட்டில் சொன்னார்கள். செத்தவளிடம் எவ்வளவு பிடுங்கல் உண்டு என்று அவர்களுக்கு என்ன தெரியும்?

முதல் பிடுங்கல் முகூர்த்தத்துக்கு முந்தின நாளே வந்தது. சுமங்கலியாகச் செத்தவளைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். வீட்டில் ஒரு நல்ல காரியம் என்றால் முதல் படையல் அவளுக்கு. புதுப்புடவையை மடித்து, மேலே பூச்சுற்றி, மஞ்சள் குங்குமம் வைத்துப் படைத்தார்கள். பிறகு அந்தப் புடவையை என் தாய்வீட்டுக்கே எடுத்துவந்து என்னிடம் கொடுத்தார் அண்ணி. அண்ணி என்றால் என் வீட்டுக்காரருக்கு அக்கா, புருஷன் இல்லாதவர், தம்பியின் வீட்டை ஆண்டுகொண்டிருந்தவர். கல் வைத்ததும் அவர்தான்.

"கும்புட்டுக்கோ பொண்ணே. அவ மனசு குளுந்தாத்தான் நீ எங்க ஊட்ல நல்லா இருப்ப" என்றார்.

அவளுக்குப் படைத்த புடவையைக் கட்டிக்கொண்டுதான் நான் அந்த வீட்டுக்குள் வலது காலை எடுத்து வைத்தேன். என் மனசு குளிர்ந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் கல்லைக் கழுவிப் பொட்டு வைக்கிற வேலை எனக்கு வந்து சேர்ந்தது. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போவேன். மீன்கூடை வைத்த நாற்றம், கீரைக்கட்டின் மண், புல்லுக்கட்டின் தூசு எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி, அவள் பெயர் வெட்டிய குழிகளில் விரலை விட்டு அழுக்கெடுத்து, மஞ்சள் பூசி, குங்குமம் வைப்பேன். சக்களத்திக்கு முதுகு தேய்த்து விடுகிற பாக்கியம் ஊரில் வேறு எவளுக்குக் கிடைத்தது?

போதாததற்கு வழிப்போக்கர்களின் வாழ்த்து. நொச்சிக்குப்பத்திலிருந்து மீன் கொண்டு வரும் ஒரு அம்மாள் தினமும் அந்தக் கல்லில்தான் கூடையை இறக்குவாள். இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து நின்று, கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பி, "புண்ணியவதி, எங்க இருந்தாலும் நல்லா இரு" என்பாள். நான் கையில் குடத்தோடு பக்கத்திலேயே நிற்பேன். உயிரோடு இருக்கிறவளைப் பார்த்து நல்லா இரு என்று சொல்ல அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

ஆனால் அவளிடம்தான் நான் விசாரிக்க ஆரம்பித்தேன். விசாரிக்காமல் இருக்க முடியுமா? எதிரி எப்படிப்பட்டவள் என்று தெரிய வேண்டாமா?

"உங்க மூத்தாளா? நல்ல ஒசரம். தலமுடி முட்டிக்கி வரும். ஒத்தையா சீவ முடியாம வாசல்ல குந்திக்கினு, போறவ வர்றவளையெல்லாம் கூப்பிடும், 'இந்தா, இந்தப் பக்கம் சிக்கு எடுத்துட்டுப் போ'ன்னு. நானே எத்தினி வாட்டி எடுத்து வுட்டிருக்கேன் தெரியுமா?"

அன்று வீட்டுக்கு வந்து என் பின்னலை அவிழ்த்துப் பார்த்தேன். இடுப்போடு நின்றுவிட்டது. கரிசலாங்கண்ணி அரைத்து எண்ணெய் காய்ச்சினேன்.

அப்படித்தான் துணுக்குத் துணுக்காகச் சேர்த்தேன். சுறா வாசனையே அவளுக்கு ஆகாது, நெத்திலி என்றால் உயிர். பல்லியைப் பார்த்தால் அடுக்களையை விட்டே ஓடிவிடுவாள், ஆனால் தண்ணீர்ப் பாம்பை வாலைப் பிடித்துத் தூக்கிக் கால்வாயில் எறிவாள். இடுப்பில் எப்போதும் ஒரு துண்டுப் புளி செருகியிருப்பாள். எல்லாவற்றையும்விட, சீழ்க்கை அடிப்பாளாம்! விறகு அடுக்குக்குப் பின்னால் மறைந்துகொண்டு ஒரு சீழ்க்கை விடுவாளாம். படகை இழுத்துக்கொண்டு போகிறவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, ஆளைக் காணாமல் பிசாசோ என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்களாம். மீன்கார அம்மாள் இதைச் சொல்லிவிட்டுக் கூடை குலுங்கச் சிரித்தாள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. எனக்குச் சீழ்க்கை அடிக்க வராது. தனியாக இருக்கும்போது முயன்று பார்த்தேன், காற்றுதான் வந்தது.

அண்ணியிடமிருந்து கிடைத்ததெல்லாம் வேறு ரகம். "அவ இருந்திருந்தா கொழம்பு இப்டி தண்ணியா இருக்காது." "அவ கோலம் போட்டா தெருவே நின்னு பாக்கும்." ஒவ்வொன்றையும் நான் வாய் திறக்காமல் வாங்கிப் போட்டுக்கொண்டேன். காதல் கொண்டவன்கூட ஒருத்தியைப் பற்றி இவ்வளவு தேடித் தெரிந்துகொண்டிருக்க மாட்டான்.

இவரோ அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரு வார்த்தை! அதுதான் என்னைக் கொன்றது. சாதாரணமாக இருந்தால் பேச்சுவாக்கில் பெயராவது வராதா? பேசாமல் இருக்கிறார் என்றால் உள்ளே அவ்வளவு ஆழமாக வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். சாயங்காலம் தொட்டியை மூடிவிட்டு வந்து, துண்டால் விசிறிக்கொண்டு ஒரு இடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அங்கே அவளைத்தான் பார்க்கிறார் என்பது எனக்கு நிச்சயம். இன்னொன்று, அவர் கல் இருக்கிற சாலையில் நடக்கவே மாட்டார். தொட்டிக்குப் போக அதுதான் நேர் வழி. இவர் கால்வாய்க் கரையோரமாகச் சுற்றிக்கொண்டு போவார். பார்க்கத் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து நினைத்து நான் உருகினேன், அதாவது எரிந்தேன். என்னைத் தாண்டிப் போக அவருக்கு எந்த நாளிலாவது மனசு வலித்திருக்குமா?

எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தன. மூத்தது குறுக்கே விழுந்து, மருத்துவச்சி கையை விரித்து, என்னை வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், எப்படியோ இரண்டு பேரும் பிழைத்தோம். அண்ணி வீட்டுக்குக்கூட வராமல் நேரே போய்க் கல்லுக்குத் தேங்காய் உடைத்தார். "அவதான் கூட நின்னு காப்பாத்துனா" என்று தெருவெல்லாம் சொன்னார். முக்கியதும் கத்தியதும் நான், பெயர் அவளுக்கு. பெறமுடியாமல் செத்தவளுக்குக் கல் நடுகிறார்கள். சாகாமல் பெற்றவளுக்கு மறுநாள் காய மருந்தும் மிளகு ரசமும் கொடுக்கிறார்கள்.

முப்பதுகளில் ஊர் மாற ஆரம்பித்தது. பஸ் ஓடத் தொடங்கியது, லஸ் பக்கமெல்லாம் தார் ரோடு. அண்ணி காலமான மறு வருஷம் எங்கள் சாலையையும் அகலப்படுத்த ஆட்கள் வந்தார்கள். சுமைதாங்கிக்கு அந்தப் பக்கமாகச் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்தார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பதெல்லாம் எடுக்கப்படும் என்று சொன்னார்கள்.

அன்று நான் பாயசம் வைத்தேன்.

"இன்னா விசேசம்?" என்றார் இவர்.

"பசங்க கேட்டுதுங்க" என்றேன்.

மீன்காரிகள்தான் விடவில்லை. கல்லைச் சுற்றிக் கூடைகளை வைத்துவிட்டு, கோடு போட்டவர்களைப் பிடித்துக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார்கள். அந்தச் சத்தம் எப்படியோ மயிலாப்பூர் வக்கீல் ஒருவர் காதுக்குப் போயிருக்கிறது. அவருக்கும் அவர் சிநேகிதர்களுக்கும் பழைய விஷயங்களில் ஒரு பைத்தியம். எங்கெங்கே என்ன இருந்தது என்று கண்டுபிடித்துச் சாலையோரமாக ஒரு கல் நட்டு, 'இங்கே இன்னது இருந்தது' என்று தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதி வைப்பார்கள். அடையாற்றுப் பக்கம் சிப்பாய்களின் குதிரைகள் தண்ணீர் குடித்த இடத்துக்குக்கூட அப்படி ஒரு கல் உண்டு. குதிரைக்கே கல் வைத்தவர்கள் என் மூத்தாளை விடுவார்களா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கோட்டும் தலைப்பாகையுமாக அந்த வக்கீல் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். இவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"கல்லை எடுக்கப்படாதுன்னு நான் எழுதிண்டிருக்கேன்" என்றார் வக்கீல். "ஆனா சும்மா சொன்னா கேக்கமாட்டா. யார் அந்தப் பொண்ணு, என்ன ஏதுன்னு நாலு வரி வேணும். பக்கத்துல ஒரு கல்லுல பொறிச்சு வச்சுட்டா அப்புறம் யாரும் தொடமாட்டா. நீங்க சொல்லுங்கோ."

நான் கதவோடு ஒட்டிக்கொண்டேன். இத்தனை வருஷம் அடைத்து வைத்தது இப்போது உடைந்து கொட்டப் போகிறது, அழுவார், அதையும் நான் கேட்க வேண்டும்.

"இன்னா சாமி சொல்றது?" என்றார் இவர். "நல்ல பொம்பள."

"சரி. எந்த ஊர்?"

"திருப்போரூர் பக்கம். இல்ல… கேளம்பாக்கமா? எங்க அக்காதான் பாத்துக் கட்டி வச்சுது. அதுக்குத் தெரியும். அது போயிட்ச்சி."

"பாக்க எப்படி இருப்பா?"

கதவிடுக்கில் பார்த்தேன். கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "தோ, இது ஒசரந்தான் இருக்கும்" என்றார்.

என் உயரமாம்! அவளோ என்னைவிட ஒரு சாண் உயரம்.

"பாவம், தினமும் அந்தக் கல்லைப் பாத்துண்டே போகவேண்டியிருக்குமே உங்களுக்கு" என்றார் வக்கீல்.

"இல்ல சாமி, அந்தாண்ட ஒரே வெயிலு. நா கால்வா ஓரமாவே பூடுவேன், நெழல் கீது" என்றார் இவர். "ஒரு வருசங்கூட முழுசா இல்ல சாமி அவ. அப்போ எனக்குத் தொட்டியே கதி. விடியறதுக்கு முன்ன போனா இருட்டினப்புறம் வருவேன். மொகங்கூட சரியா நெனப்புல இல்ல. அதானே உண்மை."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கதவைப் பிடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினேன். பத்து வருஷமாக நான் யாரோடு மல்லுக்கட்டினேன்? ஆளே இல்லை! அவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இடத்தில் வெறும் சுவர்தான் இருந்திருக்கிறது. வக்கீல் பேனாவை மூடப் போனார். அந்தக் கணத்தில் நான் அடுக்களைக்குப் போய்ப் பருப்பைக் கிளறியிருந்தால், கல்லும் போயிருக்கும், அவளும் போயிருப்பாள், இவர் எனக்கே எனக்கு.

"அவளுக்குன்னு ஏதாவது குணவிசேஷம்?" என்று கடைசியாகக் கேட்டார் வக்கீல்.

பெரிய மனிதர் வீடு தேடி வந்து கேட்கிறார், ஒன்றும் சொல்லாமல் அனுப்ப இவருக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். "நல்ல மனசு சாமி" என்றார். "ஒரு வாட்டி கட்ட சரிஞ்சி என் காலு மேல வுய்ந்துட்ச்சி. ராவும் பகலும் பக்கத்துலயே குந்திக்கினு ஒத்தடம் குட்த்துச்சி. மாசக்கணக்குல. அந்த மாரி பொம்பளைய பாக்க முடியாது."

வக்கீல் எழுத ஆரம்பித்தார்.

நெருப்பை அள்ளிக் கொட்டியது போல இருந்தது. கதவு, கூச்சம், வக்கீல் எதுவும் எனக்குத் தெரியவில்லை. வெளியே வந்து நின்றேன்.

"அது நான்" என்றேன். "எழுதாதீங்க சாமி. அது நானு. கட்டை விழுந்தப்போ அவ செத்து எத்தனையோ வருசம் ஆயிப்போச்சு. நொச்சியிலையும் உப்பும் வறுத்து ஒத்தடம் கொடுத்து என் கையெல்லாம் கொப்புளம். பெரியவன் வயித்துல இருந்தான் அப்போ."

இவர் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டார். "ஆமா, ஆமா. நீதான்" என்றார், ஏதோ கூடை மாறிப்போன காய்கறியைத் திருப்பிக் கொடுப்பவர் போல.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் என் பொருளைத் தூக்கி அவள் தலையில் வைத்தவர், நாளைக்கு வேறு எதை எதைக் கொடுப்பாரோ! என்னுடையது எது, அவளுடையது எது என்று அன்றைக்கே பிரித்துப் போட்டுவிட வேண்டும் என்று எனக்கு வெறி வந்துவிட்டது. பாகப்பிரிவினைக்கு உட்கார்ந்த பங்காளி மாதிரி ஆரம்பித்தேன்.

"அவ என் ஒசரம் இல்ல. என்னைவிட ஒரு சாண் அதிகம். முடி முட்டி வரைக்கும். வாசல்ல உக்காந்து வழியில போறவங்களைக் கூப்பிட்டுச் சிக்கெடுத்துக்குவா. கேளம்பாக்கமும் இல்ல, திருப்போரூரும் இல்ல, கோவளம். அப்பன் உப்பளத்துல வேலை."

"அப்படியா!" என்று வக்கீல் தாளை மறுபக்கம் திருப்பினார்.

"நெத்திலின்னா உயிரு. பல்லிக்குப் பயப்படுவா, பாம்புக்குப் பயப்படமாட்டா. எப்பவும் இடுப்புல புளி. கோலம் போட்டா தெரு நின்னு பாக்கும். விறகுக்குப் பின்னால ஒளிஞ்சுகினு சீழ்க்கை அடிப்பா, படகு இழுக்கறவங்க பிசாசுன்னு பயந்து…"

"சீழ்க்கையா?" என்றது ஒரு குரல். வக்கீல் இல்லை, இவர். "நம்ம தொட்டியிலயா?"

திரும்பிப் பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் முகத்தில் நான் காணாத ஒன்று அங்கே இருந்தது. வாய் லேசாகத் திறந்து, கண் எங்கேயோ போய், உதட்டோரம் ஒரு சிரிப்பு வரலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தது. "எனக்கு இதெல்லாம் தெரியவே தெரியாதே" என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

கோடு ஒரு பக்கம் வளைந்து போயிற்று. சுமைதாங்கி தப்பித்தது. அதன் பக்கத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு வெள்ளைக் கல் நட்டார்கள்: பாரம் சுமப்போருக்காக, பேறுகாலத்தில் மாண்ட ஒரு பெண்ணின் நினைவாக, கோவளத்தில் பிறந்தவள், விறகு வணிகர் இன்னாரின் மனைவி என்று. நான் சொன்னதில் அந்தக் கல்லுக்குப் போனது அவ்வளவுதான். மீதி முழுவதும் என் வீட்டுக்காரரிடம் தங்கிவிட்டது.

கால்வாய்க் கரை வழியை விட்டுவிட்டார். உச்சி வெயிலானாலும் சாலை வழியாகத்தான் போனார், வந்தார். வெள்ளிக்கிழமை நான் குடத்தோடு போனால், கல்லில் ஏற்கெனவே ஒரு முழம் மல்லிகை கிடக்கும். எனக்கு வாங்கி வந்ததில்லையா என்று கேட்டால், வாங்கியிருக்கிறார், நான் கேட்ட நாட்களில். மீன்கார அம்மாள் கூடையை இறக்கிவிட்டு, "இன்னா, ஒங்க ஊட்டுக்காரரு இங்கயே குந்திக்கினு கீறாரு?" என்றாள். நான் குங்குமத்தை அழுத்தி வைத்தேன், விரல் வலிக்கும்படி.

நான் சண்டை போட்டேன், உண்மைதான். இரண்டு நாள் பேசவில்லை. அவருக்கு அது தெரிந்ததாகவே தெரியவில்லை. மூன்றாம் நாள் சாப்பிடும்போது, "அந்தத் தண்ணிப் பாம்பு கதை… அத்த எப்டி புடிச்சாளாம்?" என்று கேட்டார்.

சொன்னேன். ஏன் சொன்னேன் என்றால், கேட்கும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து வருஷமாக நான் உப்பு, புளி, பிள்ளைகளுக்குச் சுரம், கூரையில் ஒழுகல் என்று பேசியபோதெல்லாம் விசிறிக்கொண்டிருந்த கை, அவளைப் பற்றிப் பேசும்போது நின்றது. "அப்புறம்?" என்பார். என்னிடம் அவர் அதற்கு முன் எப்போது அப்புறம் என்று கேட்டிருக்கிறார்? எவ்வளவு ஆத்திரமாக இருந்ததோ அவ்வளவு ஆசையாகவும் இருந்தது. தினம் ஒன்றாக எடுத்துக் கொடுத்தேன். என்னிடம் இருந்தது எவ்வளவு? மீன்கார அம்மாளிடமும் அண்ணியிடமும் பொறுக்கியது ஒரு மழைக்காலத்துக்குக்கூடப் போதவில்லை.

தீர்ந்துபோன அன்று ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். "அப்புறம்?" என்றார். சொல்ல ஒன்றும் இல்லை. கை மறுபடி விசிறிக்கொள்ளத் துண்டைத் தேடிற்று.

"ஒருநாள் சாந்தோம் கடற்கரைக்குப் போனாளாம்" என்றேன். "அலையில காலை வச்சவ வழுக்கி அப்படியே உக்காந்துட்டாளாம். புடவையெல்லாம் மணல், தலையெல்லாம் தண்ணி. எழுந்திருக்க மனசில்லாம அங்கேயே உக்காந்து, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாளாம்."

அது அவள் இல்லை. நான். கல்யாணமான முதல் மாதம், எனக்குக் கடல் காட்ட என்று இவர்தான் கூட்டிப்போனார். கையைக் கொடுத்துத் தூக்கி, என் முந்தானையைப் பிழிந்துவிட்டவரும் இவர்தான். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதாவது நினைவு வரும், இதோ வந்துவிடும், 'அடியே, அது நீயில்ல?' என்று கேட்பார் என்று.

சோற்றில் கை வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்டியா சிரிப்பா அவ?" என்றார்.

"ஆமாங்க" என்றேன். "அப்படித்தான் சிரிப்பாளாம்."